பெரியப்பா வேலிக்கு வெளியே நின்ற நாள்

பிள்ளைகளா, பெரிய தாத்தாவின் கருமாதி அன்று தெருமுனையில் கட்டியிருந்த பேனரைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். ‘தொழிலதிபர், குதிரைப் பண்ணை உரிமையாளர்’ என்று போட்டிருந்தது. அவர் படத்துக்குப் பின்னால் ஒரு குதிரை. பேனர் அடித்த பையன் கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான். அந்தக் குதிரை ஒரு மலையடிவாரத்தில் நிற்கிறது. இந்த ஊர்ல ஏதுப்பா மலை, ஏதுப்பா குதிரை என்று சின்னவன் கேட்டான். நியாயமான கேள்விதான். மலை கிடையாது. குதிரை இருந்தது. இரண்டு இருந்தன. இரண்டும் சேர்ந்து எங்கள் குடும்பத்தில் அத்தனை பேருடைய உயிரையும் வாங்கின.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்தட்டும்.

என் நைனாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் பெரியப்பா, அதாவது உங்கள் பெரிய தாத்தா, நடுவில் நைனா, கடைசி சித்தப்பா. மூன்று வீடும் ஒரே வரிசை. முன்னால் கடல், பின்னால் ஏரி. பெரியப்பா தொழிலுக்கு வந்தது ஒரு நண்டுக் கூடையோடு. பக்கத்து ஊர் பசியாவரத்துக்காரர்கள் பிடித்து வரும் நண்டை வாங்கி, கூடையில் அடைத்து, பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் கொண்டுபோய் விற்பார். ஒருமுறை பஸ்ஸில் கூடை அவிழ்ந்து, நண்டுகள் சீட்டுக்கடியில் ஓடி, கண்டக்டர் இவரை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டாராம். அதையே பெருமையாகச் சொல்லுவார். அப்புறம் ஐஸ் வியாபாரம், அப்புறம் ஒரு வேன், அப்புறம் சென்னைக்கு நண்டு ஏற்றுகிற பெரிய ஷெட். சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு நண்டுக்குக் கால் கட்டிய ஆள் நம் ஊரில் அவர் ஒருவர்தான்.

வியாபாரத்தில் கெட்டிக்காரர். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு ஒரு யோசனை வரும். அது வந்தால் பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை வாத்து வாங்கினார். நூறு வாத்தும் ஏரியில் இறங்கின, ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒருமுறை தென்னங்கன்று. உப்புக் காற்றில் எல்லாம் கருகிப் போயின. எனக்குப் பத்து வயது நடக்கும்போது வந்ததுதான் குதிரை யோசனை. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருகிறவர்கள் முகத்துவாரத்தில் சவாரி போவார்களாம். பொன்னேரிப் பக்கம் கல்யாணங்களில் மாப்பிள்ளையை ஏற்றுவார்களாம். ஒருநாள் நண்டு வேனுக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையும், வயதான செம்பட்டைக் குதிரை ஒன்றும் இறங்கின. சவுக்குத் தோப்பில் வேலி போட்டு, கீற்றுக் கொட்டகை கட்டி, ‘குதிரைப் பண்ணை’ என்று போர்டு மாட்டினார். இரண்டு குதிரை வைத்தால் பண்ணையா என்று நைனா கேட்டார். எழுதினப்புறம் சேந்துக்கும் என்றார் பெரியப்பா.

குதிரைகளோடு ஒரு பாய் வந்திருந்தார். மெரினாவில் முப்பது வருடம் குதிரை விட்டவர். பத்து நாள் தங்கி எங்களுக்குப் பழக்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. கொள்ளு ஊறவைத்துத்தான் போட வேண்டும், தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும், குதிரை தின்றதை வாந்தி எடுக்காது, வயிறு அடைத்துக்கொண்டால் ஆள் போய்விடும் என்றெல்லாம் சொன்னார். நான் ஒருவன்தான் உட்கார்ந்து கேட்டேன். பெரியவர்கள் மூன்று பேரும் யார் லத்தி அள்ளுவது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பண்ணை மூன்று பேருக்கும் பொது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பணம் அவருடையதுதான். ஆனால் பங்கு மூன்று என்றார். பங்கு என்றதும் நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் சந்தோஷம். லத்தி என்றதும் சண்டை. சண்டை முற்றியபோது பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஏரியில் என்ன செய்கிறோமோ அதையே இதிலும் செய்யலாம், பாடு போட்டுவிடலாம் என்றார்.

பாடு என்றால் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை ஸ்கூலில் யாருக்காவது படித்துக் காட்டினால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே. நம் ஏரியில் இறால் வலை போடும் இடம் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. கோவிலில் சீட்டு எடுத்து, இன்ன நாள் இன்னார் என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பேர் பாடு. என் பாட்டில் நீ வலை போடக் கூடாது, உன் பாட்டில் நான் போடக் கூடாது. போட்டால், போட்டவன் தன் அடுத்த பாட்டை அந்த ஆளுக்கு விட்டுவிட வேண்டும். நம் ஊரில் அடிதடி இல்லாமல் இருப்பதற்கு அந்த ஒரு சட்டம்தான் காரணம் என்று சொல்லுவார்கள்.

அதைக் கொண்டுவந்து குதிரைக்குப் போட்டார்கள். கோவில் வாசலில் சீட்டு எடுத்தார்கள். ஒரு நாள் பெரியப்பா வீடு, மறுநாள் எங்கள் வீடு, அதற்கு மறுநாள் சித்தப்பா வீடு. உன் நாளில் தீனி, தண்ணீர், லத்தி, சவாரி வருமானம் எல்லாம் உன்னுடையது. அடுத்தவன் நாளில் வேலிக்குள் காலை வைக்கக் கூடாது. பாய் இதையெல்லாம் வாயில் பீடியோடு பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற அன்று பெரியப்பாவிடம் சொன்னார்: “குதிரைக்கு மூணு மொதலாளி இருக்கலாம் சாமி. மூணு ஆளு இருக்கக் கூடாது.” பெரியப்பா சிரித்து, அவர் பையில் நாலு நண்டு போட்டு அனுப்பினார்.

குதிரை என்ன, ஏரியா? ஏரிக்கு இன்று யார் வந்தார்கள் என்று கவலை கிடையாது. குதிரைக்கு உண்டு. பெரியப்பா நாளில் வெள்ளைக் குதிரைக்கு ஊறவைத்த கொள்ளும், வெல்லமும், பிடரியில் சீப்பும் நடக்கும். எங்கள் நாளில் நைனா கடமைக்குச் செய்வார். புல்லைப் போட்டு, தொட்டியை நிரப்பி, லத்தியை அள்ளி, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுவார். சித்தப்பா நாளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நடக்காது என்பதும் உண்டு. அது அவர் பாடு, நாம் கேட்கக் கூடாது.

நான் சொல்ல வந்த நாள் சித்தப்பாவின் நாள். அன்றைக்கு என்று பார்த்து ஏரியிலும் அவருடைய பாடு. இரண்டு முறையும் ஒரே நாளில் வந்து விழுந்தன. இறால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயம். எந்தப் புத்தியுள்ளவனும் ஏரிக்குத்தான் போவான். அவரும் விடியும் முன்னே போய்விட்டார். போகும்போது சித்தியிடம் குதிரைக்குக் கொள்ளு போடச் சொல்லியிருக்கிறார். சித்திக்குக் குதிரை என்றால் நடுக்கம். அது தலையை ஆட்டினாலே இவள் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அரை மூட்டைக் கொள்ளை ஊறவைக்காமல், அவிழ்க்காமல், சாக்கோடு தூக்கி வேலிக்கு மேலே உள்ளே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். தண்ணீர் அவர் வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தாளாம். அவரோ, இவள் வைப்பாள் என்று நினைத்தாராம்.

ஸ்கூல் லீவு நாள். நான் வேலியோரமாகப் போனபோது வெள்ளைக் குதிரை சாக்கைப் பல்லால் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. செம்பட்டை கிட்டே வந்தால் உதைத்தது. தொட்டியில் காய்ந்த பாசிதான் இருந்தது. பாய் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். “இன்னிக்கி நம்ம பாடு இல்ல. கம்முனு இரு” என்றாள். வலை பின்னிக்கொண்டிருந்த நைனாவிடம் சொன்னேன். தலையைக்கூடத் தூக்காமல், யார் பாடு என்று மட்டும் கேட்டார். சித்தியிடம் போனேன். நான் போட்டது போட்டதுதான், உள்ளே போய் அதோடு என்னால பேச முடியாது என்றாள். நானாவது ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கலாம். எனக்கும் பயம். பத்து வயதில் எனக்குச் சாமியிடம்கூட அவ்வளவு பயம் கிடையாது, பாட்டிடம் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் குதிரை தின்பதை நிறுத்தியது. தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் மணலைத் தோண்டியது. உடம்பெல்லாம் வேர்வை. பிறகு முட்டி மடித்துப் படுத்து உருளத் தொடங்கியது. நான் நண்டு ஷெட்டுக்கு ஓடினேன். பெரியப்பா கையிலிருந்த நண்டைக் கட்டாமலே கீழே போட்டுவிட்டு, செருப்பு இல்லாமல் ஓடி வந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வேலிவரைக்கும் ஓடி வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

நான் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் உள்ளே வரவில்லை. வேலிக்கழியைப் பிடித்துக்கொண்டு, குதிரையைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் கேட்கிறார்: “உங்க சித்தப்பன் எங்கடா?”

ஏரியில் என்றேன். போய்க் கூப்பிடு என்றார். பின்பக்கம் ஓடினேன். சித்தப்பாவின் படகு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கத்தினேன். சட்டையைக் கழற்றி வீசினேன். அவர் கையை ஆட்டிப் பதில் காட்டினார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்தால் வேலிக்கு வெளியே கூட்டம். நைனா வந்திருந்தார். பெரியம்மா, அம்மா, அழுதுகொண்டு சித்தி, பக்கத்து வீட்டு ஆட்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஓமத்தண்ணி என்றாள் ஒருத்தி. பெருங்காயம் என்றாள் இன்னொருத்தி. மாட்டு டாக்டரைக் கூப்பிடலாம், ஆனால் அவருக்கு மாடுதான் தெரியும் என்றார் ஒருவர். வைத்தியம் எல்லாம் வேலிக்கு வெளியே நடந்தது. நோயாளி உள்ளே உருண்டுகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியையாவது உள்ளே போகச் சொல்லுங்கள், அவள் அந்த வீட்டு ஆள்தானே என்று கத்தினேன். சித்தி இரண்டு அடி வைத்தாள். குதிரை காலை உதறியதும் மூன்று அடி பின்னால் வந்தாள். “இன்னாண்ணே பண்றது?” என்று நைனா பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா வேலிக்கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் முகம் வேர்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், உள்ளே இருக்கிற குதிரைக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும். பத்து வயதில் அது ஒரு நாள் மாதிரி இருந்தது. தன் காசில் வாங்கிய குதிரை, தான் சீப்புப் போட்டு வாரிவிட்ட குதிரை, கண் முன்னால் சாகிறது. இந்த மனுஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு முறை பார்க்கிறார். அந்த ஒரு பீடி நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு ரொம்ப நாள் போகவில்லை.

குதிரை உருண்டு, கொட்டகைக் காலில் தலையை மோதிக்கொண்டது. அப்போதுதான் பெரியப்பா சட்டையைக் கழற்றினார். மடித்து நைனா கையில் கொடுத்தார். உள்ளே போனார். கயிற்றைப் பிடித்து, பேச்சுக் கொடுத்து, உதை வாங்கி, ஒரு வழியாக அதை எழுப்பி நிறுத்தினார். ஓமமும் எண்ணெயும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றினார். பிறகு கடலோர ஈர மணலில் நடத்தினார். முகத்துவாரம் பக்கம் போவார், திரும்புவார், மறுபடியும் போவார். அது படுக்கப் பார்க்கும். இவர் தோளைக் கொடுத்து முட்டுவார். பின்னாலேயே நாங்கள் ஊர்வலம். பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைக் குதிரை நின்றது, வாலைத் தூக்கியது, லத்தி போட்டது. ஊரே சிரித்தது. யார் லத்தி அள்ளுவது என்று மூன்று மாதம் சண்டை போட்ட குடும்பம், ஒரு கூடை லத்தியைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா கரையேறி வந்தார். படகு நிறைய இறால். வழியிலேயே யாரோ சொல்லியிருப்பார்கள். நான் என்ன எதிர்பார்த்தேன்? ஓடி வந்து அண்ணன் காலைப் பிடிப்பார் என்று. அவர் கயிற்றைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“என் பாட்டுல நீ இன்னாண்ணே பண்ற?”

 நானாக இருந்தால் கயிற்றாலேயே நாலு கொடுத்திருப்பேன். பெரியப்பா கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

“தப்புதான்” என்றார்.

அதோடு விட்டாரா? அந்த வாரம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, தம்பி பாட்டில் நான் இறங்கிவிட்டேன் என்று தானே சொன்னார். ஊர்ப் பெரியவர்களுக்குச் சிரிப்பு. குதிரைக்கு ஏதுப்பா பாடு, போய் வேலையைப் பாரு என்றார்கள். இவர் உட்காரவில்லை. சீட்டு எடுத்தது கோவில் வாசலில்தானே, ஏரிக்கு ஒரு சட்டம் குதிரைக்கு ஒரு சட்டமா என்று அவர்களையே மடக்கினார். கடைசியில், சரி, உன் அடுத்த பாட்டைத் தம்பிக்கு விடு, ஆளை விடு என்றார்கள்.

அந்த அடுத்த பாடு எது தெரியுமா? பொன்னேரியில் ஒரு பெரிய இடத்து மாப்பிள்ளை ஊர்வலம். பண்ணைக்கு வந்த முதல் கல்யாணம். அதற்காகப் பெரியப்பா சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்துச் சேணத் துணி தைத்து வைத்திருந்தார். தனக்கும் ஒரு தலைப்பாகை. பெரியம்மாவிடம் கட்டிக் காட்டியிருக்கிறார், அவள் சிரித்திருக்கிறாள். அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு குதிரையைப் பிடித்து நடந்தது சித்தப்பா. காய்ந்த கொள்ளைத் தின்னவிட்டு, தண்ணீர் காட்டாமல் சாகப் போட்ட ஆளுக்கு மரியாதை, பட்டுத் துண்டு, பிரியாணி. காப்பாற்றிய ஆள் அன்றைக்கு நண்டு ஷெட்டில் உட்கார்ந்து நண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நேரே ஷெட்டுக்குப் போய், உங்களுக்கு மூளையே கிடையாதா பெரியப்பா என்று கேட்டுவிட்டேன். அந்த வயதில் அவரிடம் அப்படிப் பேசுவது சாதாரணமில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு நண்டை நீட்டி, “புடி. கொடுக்கு பத்திரம்” என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் சித்தப்பா ஒரு நாள்கூடத் தன் முறை தவறவில்லை. ஆத்திரத்தில் அப்போது அதை நான் கவனிக்கவில்லை. வெள்ளைக் குதிரை இன்னும் எட்டு வருடம் இருந்தது. லாபம் என்று ஒரு நாளும் வந்ததாக எனக்குத் தெரியாது. போர்டு ஒரு புயலில் போயிற்று. பெரியப்பா நண்டை விடவில்லை. போன மாதம்வரைக்கும் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்லி எரிச்சல் மூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கருமாதி அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் அவர் கதையைப் பேசினார்கள். பஸ்ஸில் நண்டு ஓடிய கதை, வாத்துக் கதை. நானும் என் பங்குக்கு இந்தக் கதையைச் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நடித்துக்கூடக் காட்டினேன். நல்ல சிரிப்பு. சித்தப்பா, உங்கள் சின்ன தாத்தா, சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்தபோது என் பின்னாலேயே வந்தார். குழாயை மூடிவிட்டுச் சொன்னார்.

அவர்கள் மூவரின் அப்பா, என் தாத்தா, செத்தபோது சித்தப்பாவுக்குப் பதினேழு வயதாம். அந்த வருடம்தான் அவர் பேரை ஊரில் சேர்த்து, ஏரியில் தனிப் பாடு கொடுத்தார்களாம். நீ சின்னப் பையன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பெரியப்பா மூன்று வருடம் அந்தப் பாட்டில் தன் வலையைப் போட்டிருக்கிறார். அந்த இறாலில் வந்ததுதான் முதல் ஐஸ் பெட்டி. முதல் வேன்.

“நான் ஊர்ல சொல்லல. சொல்லியிருந்தா அண்ணன ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சிருப்பாங்க. உங்க நைனாவுக்கும் தெரியும். அதுக்கப்புறம் அவரு என் பாட்டுல கால வெக்கல, அந்த ஒரு நாளத் தவிர” என்றார். பிறகு, “எனக்கும் அன்னிக்கி வாய் இருந்திருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

வேலிக்கு வெளியே பெரியப்பா நின்ற அந்த ஒரு பீடி நேரம், அவர் குதிரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மூளை இருக்கிறதா என்று வேறு கேட்டேன்.

எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே வீடு எடுத்துக்கொண்டான். ஏரியில் அவன் பேருக்குப் பாடு இன்னும் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த நாட்களிலும் நான்தான் வலை போடுகிறேன். அவனைக் கேட்டதில்லை. அவன் வரப்போவதில்லை, வீணாகத்தானே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஒருநாள் நான் வெறும் படகோடு திரும்பி வந்தேன். உங்கள் அம்மா காரணம் கேட்டதற்குக் காற்று சரியில்லை என்றேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. விடிந்தும் விடியாததுமாகக் வலை கட்டுவதற்குக் கழி நட்ட இடம்வரைக்கும் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. இறால் துள்ளுகிற சத்தம் கேட்டது. வலையைப் பிரித்துப் பாதியைக் கையில் எடுத்துவிட்டேன். அன்று தம்பி பாடு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரித்த வலையைத் திரும்பச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டு, படகைத் திருப்பினேன்.